வீட்டுவரியும் நேர்மையான அளவுகோலும்

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

வரி என்ற சொல்லைக் கேட்டவுடன் முகஞ் சுளிப்பது மக்களின் இயல்பு என்பர். ஆயினும், நெசவாளர் சங்கங்களிலும் உழவர் சங்கங்களிலும் பழகிய அளவில் நாம் கண்ட உண்மை சற்று வேறானது. தெருவிளக்குக்கும், குடிநீருக்கும், சாக்கடைக்கும் பணம் வேண்டும் என்பதை நம் அங்கத்தினர் எவரும் மறுப்பதில்லை. “எனக்கு இவ்வளவு என்றால் எதிர்வீட்டுக்காரருக்கு எவ்வளவு?” என்ற கேள்விக்கு விடை கிடைக்காத இடத்தில்தான் மனக்கசப்புப் பிறக்கிறது. வரியின் பாரத்தைக் காட்டிலும், அப்பாரம் ஒப்புரவின்றி விழுகிறதோ என்னும் ஐயமே மக்களை அதிகம் வருத்துகிறது.

அவ்வையம் நியாயமானதா, அன்றா என்பதை அங்கத்தினர் தாமே சோதித்து அறியலாம். அதற்குப் பெரிய படிப்பு வேண்டுவதில்லை. அளவு டேப்பு ஒன்று, கேட்பு அறிவிப்பு ஒன்று, கூட்டல் கழித்தல் வகுத்தல் ஆகியவை போதும். அவ்விதம் சோதிக்கும் முறையையும், நகராட்சி, பேரூராட்சி, கிராமப் பஞ்சாயத்து முதலிய ஸ்தல ஸ்தாபனங்கள் வரி செலுத்துவோருக்குச் செய்யவேண்டிய சேவை இன்னதென்பதையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. நமக்குப் பழகிய முறையே

நெசவாளர் ஒருவர் நெய்த துணியைச் சங்கத்திற்குக் கொண்டுவருகிறார். அங்கே முதலில் துணியின் நீள அகலம் அளக்கப்படுகிறது. அடுத்துத் தரம் பார்க்கப்படுகிறது. பிறகு, முன்கூட்டியே வகுத்து வைத்த விகிதப்படி கூலி கணக்கிடப்படுகிறது. அளவு, தரம், விகிதம் என்னும் இம்மூன்றும் சரியாக இருந்தால் கூலியும் சரியாக இருக்கும். மூன்றில் ஒன்று பிசகினாலும் நெசவாளர் நஷ்டமடைவார்; அல்லது அவருடைய நஷ்டத்தை மற்ற அங்கத்தினர் சுமப்பர்.

உழவருக்கும் இம்முறை புதிதன்று. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாணக் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ ரயத்துவாரி முறையை நிலைநாட்டினார். அதன் வழிவந்த நிலவரித் திட்டத்தில் நிலம் அளக்கப்பட்டது. மண்ணின் வளத்திற்கேற்பத் தரம் வகுக்கப்பட்டது. தரத்திற்கு ஏற்பத் தீர்வை விதிக்கப்பட்டது. அதற்கும் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே, கி.பி. 1001-ஐ ஒட்டி, முதலாம் இராசராச சோழன் தன் ஆட்சிப் பரப்பை அளக்கச் செய்தான். அளவின்றி விதிக்கும் வரி நிலைக்காது என்பதை ஆட்சி செய்தோர் அன்றே உணர்ந்திருந்தனர்.

வீட்டுவரியும் இவ்வழியில் அமைந்ததேயாகும். கட்டடத்தின் பரப்பு அளவாகும். அது எத்தெருவில் உள்ளது, என்ன வகைக் கட்டடம், எத்தனை ஆண்டு பழமையானது, குடியிருக்கவா தொழில் செய்யவா பயன்படுகிறது என்பவை தரமாகும். மன்றம் நிர்ணயிக்கும் சதவீதம் விகிதமாகும். எந்த வரி அறிவிப்பைக் கையில் எடுத்தாலும் இம்மூன்றையும் தனித்தனியே தேடிப் பார்க்கவேண்டும்.

2. மதிப்பீடு என்பது யாது?

வீட்டின் மதிப்பைக் கணிக்க மூன்று வழிகள் வழக்கில் உள்ளன.

முதலாவது, ஆண்டு வாடகை மதிப்பு முறை. அவ்வீட்டை வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன கிடைக்கும் என்று கணிப்பது. 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் இம்முறையையே மேற்கொண்டது. கிடைக்கக்கூடிய ஆண்டு வாடகையில் கட்டடத்திற்கு உரிய பங்கிலிருந்து, பழுதுபார்க்கும் செலவுக்கென 10 சதவீதம் கழித்து எஞ்சியதை ஆண்டு மதிப்பு என்று அச்சட்டம் கூறியது. ஓர் உதாரணம் கொள்வோம். மாத வாடகை 1,000 ரூபாய் எனில் ஆண்டுக்கு 12,000 ரூபாய். இதில் மனைக்கு உரியது பத்தில் ஒரு பங்கு, அதாவது 1,200 ரூபாய் என வைத்துக்கொண்டால், கட்டடத்திற்கு உரியது 10,800 ரூபாய். அதில் 10 சதவீதமாகிய 1,080 ரூபாயைக் கழிக்க, ஆண்டு மதிப்பு 10,920 ரூபாய் ஆகிறது.

இரண்டாவது, மூலதன மதிப்பு முறை. வீட்டை விற்றால் என்ன விலை பெறும் என்பதை ஒட்டிக் கணிப்பது. மும்பை மாநகராட்சி 2010-ஆம் ஆண்டு முதல் இம்முறைக்கு மாறியது.

மூன்றாவது, பரப்பலகு முறை. ஊரை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்திற்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று வெளிப்படையாக அறிவித்து, அதைக் கட்டடப் பரப்பால் பெருக்குவது. டில்லி 2004-ஆம் ஆண்டிலும், பெங்களூரு 2008-ஆம் ஆண்டிலும் இம்முறையை ஏற்றன.

நம் மாநில நகரங்களில், சட்டத்தில் ஆண்டு வாடகை மதிப்பு என்ற பெயர் வழங்கிவந்த காலத்திலேயே, நடைமுறையில் மண்டலம் வகுத்துச் சதுர அடிக்கு அடிப்படை விகிதம் கட்டிக் கணக்கிடும் வழக்கம் வேரூன்றிவிட்டது. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், அதற்குரிய விதிகளுடன் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பழைய நகராட்சிச் சட்டம் அத்துடன் விலகியது. கிராமப் பஞ்சாயத்துகளின் வீட்டுவரிக்கு 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் ஆதாரமாகும்.

எம்முறையிலும் தனித்த குறை உண்டு. வாடகை முறையில், வாடகைக்கே விடப்படாத பெரிய மாளிகையின் வாடகையை எவ்வாறு அறிவது என்பது சங்கடம். மேலும், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அமையக்கூடிய நியாய வாடகைக்கு மேல் ஆண்டு மதிப்பை உயர்த்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் கல்கத்தா வழக்கிலும், குண்டூர் வழக்கிலும், டில்லி வழக்கிலும் தீர்ப்பளித்தது. இதன் பயனாகப் பல நகரங்களில் கடைவீதியிலுள்ள பழைய கட்டடங்களின் மதிப்புப் பல்லாண்டு உறைந்து கிடந்தது. புறத்தெருவில் புதிதாக எழுந்த சிறு வீடுகள் புது மதிப்பில் வரி செலுத்தின. பரப்பலகு முறை பல நகரங்களில் நாடப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

3. தள்ளிப்போட்ட திருத்தம்

பழைய நகராட்சிச் சட்டத்தின் அட்டவணை விதிகள், மதிப்பீட்டுப் புத்தகம் ஐந்தாண்டுக்கு ஒரு முறை முழுமையாகத் திருத்தப்படவேண்டும் என்று கூறின. நடந்தது என்ன? சென்னை மாநகராட்சியில் 1998-ஆம் ஆண்டிலும், மற்ற நகரங்களில் 2008-ஆம் ஆண்டிலும் பொதுச் சீராய்வு நடந்தது. 2018-இல் ஓர் உயர்வு அறிவிக்கப்பட்டு, 2019 நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு 2022 ஏப்ரலில்தான் சீராய்வு நிலைபெற்றது. சொத்துவரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்தாலொழிய நகரங்களுக்குரிய மானியம் இல்லை என்று பதினைந்தாவது நிதிக்குழு விதித்த நிபந்தனையும் இதற்கு ஒரு தூண்டுகோலாக இருந்தது.

2022-ஆம் ஆண்டின் அச்சீராய்வில், சென்னை நீங்கலான மாநகராட்சிகளிலும், நகராட்சிகளிலும், பேரூராட்சிகளிலும் குடியிருப்புக் கட்டடங்களுக்கு உயர்வு பின்வருமாறு அமைந்தது: 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம். தொழிற்கூடங்களுக்கு 75 சதவீதம். வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம்.

சிறு வீட்டுக்குச் சிறு உயர்வு என்னும் நோக்கம் போற்றத்தக்கதே. எனினும் இரண்டு உண்மைகளை மறத்தலாகாது. முதலாவது, பதினான்கு ஆண்டு உறங்கிய கணக்கு விழித்தெழும்போது ஒரே நாளில் பேருயர்வாக வந்து விழுகிறது. திருத்தத்தை ஒத்திப்போடுவது மக்களுக்குச் செய்யும் கருணை போலத் தோன்றும். உண்மையில் அது கடனைச் சேர்த்துவைத்துத் திடீரென்று கேட்பதை ஒக்கும். இரண்டாவது, பழைய வரியின்மீது சதவீதம் ஏற்றும்போது, பழைய வரியில் ஒளிந்திருந்த பிழையும் கூடவே ஏறுகிறது. இவ்விரண்டாவது உண்மையை விளக்க, எமது சரகத்தில் நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம்.

4. கடைசி வீட்டின் கணக்கு

நெசவாளர் குடியிருப்பு ஒன்றில் ஒரே மாதிரி கட்டப்பட்ட பன்னிரண்டு வீடுகள் ஒரு வரிசையில் உள்ளன. கடைசி வீட்டை ஒட்டி வாய்க்கால் செல்வதால், கட்டும்பொழுதே அவ்வீடு மட்டும் நான்கு அடி நீளம் குறைவாகக் கட்டப்பட்டது. அவ்வீட்டில் கணவரை இழந்த மூதாட்டி ஒருவர், முன்னறையில் தறி ஒன்றை வைத்து நெய்து வாழ்கிறார். 2022-ஆம் ஆண்டில், சங்கத்தில் கூலி பட்டுவாடா நடந்த ஒரு நாள், அவர் வரி அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைக் கண்டோம். அரையாண்டு வரி 400 ரூபாயாக இருந்தது 600 ரூபாயாக உயர்ந்திருந்தது.

“எல்லா வீட்டுக்கும் அதேதானே ஐயா வந்திருக்கிறது? எனக்கு மட்டும் குறைத்துக் கேட்டால் நன்றாயிருக்குமா?” என்றார் அவர்.

“வீடும் அதே அளவுதானா, அம்மா?” என்று கேட்டோம்.

சங்கத்தின் அளவு டேப்பை எடுத்துச் சென்று அளந்தோம். மற்ற வீடுகள் 31 அடி நீளம், 20 அடி அகலம். பரப்பு 620 சதுர அடி. இவ்வீடு 27 அடி நீளம், 20 அடி அகலம். பரப்பு 540 சதுர அடி. மதிப்பீட்டுப் புத்தகத்திலோ பன்னிரண்டு வீடுகளுக்கும் 620 என்றே எழுதப்பட்டிருந்தது. முதல் வீட்டை அளந்தவர் கடைசி வீடு வரை நடக்கவில்லை என்பது தெளிவு.

இச்சிறு பிழையின் விளைவைப் பாருங்கள். 620 சதுர அடி என்பதால் 50 சதவீத உயர்வு. 540 என்றால் 25 சதவீத உயர்வே உண்டு. மேலும், பழைய வரியே 400 ரூபாயாக இருந்திருக்கக் கூடாது. பரப்பு விகிதப்படி ஏறத்தாழ 348 ரூபாயாக இருந்திருக்கவேண்டும். அதன்மேல் 25 சதவீதம் ஏற்றினால் சரியான புது வரி ஏறத்தாழ 435 ரூபாய். ஆகவே அரையாண்டுக்கு 165 ரூபாயும், ஆண்டுக்கு 330 ரூபாயும் அவர் கூடுதலாகச் செலுத்த நேர்ந்திருக்கும். அவர் நிலையில் அது ஒரு முழுநாள் தறியில் அமர்ந்து ஈட்டும் கூலியாகும்.

மனு எழுதிக் கொடுத்தோம். உரிய அலுவலர் டேப்புடன் வந்து அளந்தார், பிழையை ஒப்புக்கொண்டார், அந்த அரையாண்டு முதல் கணக்குத் திருத்தப்பட்டது. அவ்வலுவலரின் நேர்மையைப் பாராட்டுவது நம் கடமை. ஆனால் முந்திய பதினான்கு ஆண்டுகளில், 28 அரையாண்டுகளில், அரையாண்டுக்கு ஏறத்தாழ 52 ரூபாய் வீதம் மிகுதியாகச் செலுத்திய 1,450 ரூபாய் அளவிலான தொகை திரும்பவில்லை. அக்காலத்தில் எவரும் ஆட்சேபம் எழுப்பவில்லை. ஆட்சேபத்திற்குரிய காலமும் கடந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே தொகை வந்ததால் அதுவே நியாயம் என்று அவர் நம்பியிருந்தார். ஒரே அளவு வீட்டுக்கு ஒரே வரி என்பதுதான் நியாயம். வேறுபட்ட அளவுக்கு ஒரே வரி என்பது நியாயத்தின் தோற்றமே அன்றி நியாயம் அன்று.

5. விகிதச் சோதனை

ஒரு வீட்டின் பிழையை அளவு டேப்பு காட்டிவிடும். ஓர் ஊரின் பிழையைக் காண்பது எப்படி? இதற்கு மதிப்பீட்டுத் தொழிலில் தேர்ந்தோர் உலகெங்கும் கையாளும் ஓர் எளிய சோதனை உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் புத்தகத்தில் எழுதப்பட்ட மதிப்பை, அவ்வீட்டின் உண்மை மதிப்பால் வகுத்து விகிதம் காண்பதே அது. எல்லா வீட்டுக்கும் விகிதம் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் மதிப்பீடு நேர்மையானது. அவ்விகிதம் 50 சதவீதமாக இருந்தாலும் பாதகமில்லை. 90 சதவீதமாக இருந்தாலும் பாதகமில்லை. எல்லோருக்கும் ஒன்றாக இருத்தலே முக்கியம்.

கணக்கு விளங்குவதற்காகக் கற்பனையாக இரண்டு வீடுகளைக் கொள்வோம். சிறு வீடு மாதம் 1,000 ரூபாய் வாடகை பெறும்; பெரிய வீடு 10,000 ரூபாய் பெறும். ஆண்டுக்கு முறையே 12,000 ரூபாயும் 1,20,000 ரூபாயும் ஆகும். புத்தகத்தில் சிறு வீட்டின் மதிப்பு 9,600 ரூபாய் என்றும், பெரிய வீட்டின் மதிப்பு 48,000 ரூபாய் என்றும் உள்ளன. வரி விகிதம் 10 சதவீதம். சிறு வீட்டார் 960 ரூபாயும், பெரிய வீட்டார் 4,800 ரூபாயும் செலுத்துகின்றனர்.

பார்வைக்குப் பெரிய வீட்டார் ஐந்து மடங்கு செலுத்துகிறார், நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் அவருடைய வீடு பத்து மடங்கு வாடகை பெறக்கூடியது. சிறு வீட்டின் விகிதம் 80 சதவீதம். பெரிய வீட்டின் விகிதம் 40 சதவீதம். நகராட்சிக்குக் கிடைக்கும் மொத்தம் 5,760 ரூபாய். அத்தொகையை ஒரே விகிதத்தில் பகிர்ந்தால் சிறு வீட்டார் ஏறத்தாழ 524 ரூபாயும், பெரிய வீட்டார் 5,236 ரூபாயும் செலுத்தவேண்டும். ஆக, நகராட்சியின் வருமானம் ஒரு ரூபாயும் குறையாமலே, சிறு வீட்டார் ஆண்டுதோறும் 436 ரூபாய் அதிகமாகச் சுமக்கிறார். ஒருவருடைய மதிப்பீடு குறைந்திருப்பது அவருக்கும் நகராட்சிக்கும் மட்டும் உரிய விஷயமன்று. அக்குறையை மற்றவர் நிரப்புகின்றனர்.

இத்தகைய சாய்வு பெரும்பாலும் வஞ்சகத்தால் நேர்வதன்று. சிறு வீடுகள் அடிக்கடி குடிமாறுவதால் அவற்றின் வாடகை யாவருக்கும் தெரியும். பெரிய வீடுகள் வாடகைக்கு வருவதே அரிது. பின்கட்டிலும் மாடியிலும் சேர்த்துக் கட்டிய பகுதிகள் தெருவிலிருந்து தெரிவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லப் பெரிய வீட்டின் கணக்கு பின்தங்குகிறது. இதைத் தடுக்கும் மருந்து ஒழுங்கான மறு அளவையே ஆகும்.

6. பிற இடங்களின் அனுபவம்

நம் நாட்டிலேயே பாட்னா நகரத்தின் அனுபவம் கற்கத்தக்கது. அங்கே முன்பு வரி விகிதம் 43.75 சதவீதமாக இருந்தது. விகிதம் அவ்வளவு உயர்ந்திருந்தும், மதிப்புகள் அலுவலரின் விருப்பத்தைச் சார்ந்து தாறுமாறாக இருந்தன. 1993-ஆம் ஆண்டில் முறை மாற்றப்பட்டது. பிரதானப் பெருஞ்சாலை, பெருஞ்சாலை, ஏனைய தெரு என மூன்று இடங்கள். குடியிருப்பு, வணிகம் அல்லது தொழில், ஏனையவை என மூன்று பயன்கள். கட்டட வகை மூன்று. இவ்வளவே தரப்பிரிவு. ஒவ்வொன்றுக்கும் சதுர அடி மதிப்பு வெளியிடப்பட்டது. வரி விகிதம் 9 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1995-இல் அம்முறை செல்லும் எனத் தீர்ப்பாயிற்று. வீட்டுக்காரர் தம் வரியைத் தாமே கணக்கிட்டு, அலுவலரின் கணக்கோடு ஒப்பிட வழி பிறந்ததே இம்மாற்றத்தின் உயிர்நிலையாகும்.

அயல்நாட்டு உதாரணம் ஒன்றும் காண்போம். கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், 1974-ஆம் ஆண்டு முதல் மதிப்பீட்டு வேலை முழுவதும் ஒரு தனி அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. மதிப்பிடுவது அவ்வமைப்பு, விகிதத்தைத் தீர்மானித்து வரி வாங்குவது நகராட்சி. முந்திய ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் நிலவிய சந்தை மதிப்பைக் கொண்டு, ஒவ்வோர் ஆண்டும் புத்தகம் புதுப்பிக்கப்படுகிறது. ஜனவரித் தொடக்கத்தில் வீட்டுக்காரருக்கு அறிவிப்பு வருகிறது. அண்டை வீட்டின் மதிப்பையும் எவரும் பார்த்து ஒப்பிடலாம். ஒப்பாதவர் ஜனவரி 31-க்குள் ஆட்சேபம் கொடுக்கலாம். அதை விசாரிப்பது மதிப்பிட்டவர் அல்லர், தனிக் குழுவினர். வரிக்கான கேட்பு பின்னரே வருகிறது. மதிப்பு வேறு, விகிதம் வேறு என்பதை அங்குள்ள மக்கள் இதனால் தெளிவாக அறிகின்றனர். ஊரில் எல்லா மதிப்பும் ஒரே அளவில் உயர்ந்தால், மன்றம் விகிதத்தைக் குறைத்துக்கொண்டு அதே வருமானத்தைப் பெறலாம் அல்லவா?

பாட்னாவிலிருந்து எளிமையையும், பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து ஒழுங்கையும் வெளிப்படைத் தன்மையையும் நாம் கற்கலாம்.

7. ஸ்தல ஸ்தாபனங்கள் செய்யவேண்டுவன

வரி வாங்குவோர் வரி செலுத்துவோரை இரந்து நிற்பவராகவோ, ஏய்ப்பவராகவோ கருதலாகாது. அவர்கள் ஊரின் பங்குதாரர்கள். 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73, 74-ஆம் திருத்தங்கள், பஞ்சாயத்துகளையும் நகராட்சிகளையும் சுயாட்சி நிறுவனங்கள் என்றே கருதுகின்றன. அக்கருத்துக்கு ஏற்ப ஒரு நல்ல மன்றம் செய்யவேண்டிய சேவைகள் இவை எனலாம்.

(அ) கேட்பு அறிவிப்பில் மொத்தத் தொகையை மட்டும் எழுதாமல், பரப்பு, மண்டலம், கட்டட வகை, பயன், விகிதம் யாவற்றையும் எளிய தமிழில் எழுதுதல்.

(ஆ) மதிப்பீட்டுப் புத்தகத்தை எவரும் பார்க்குமாறு திறந்து வைத்தல்.

(இ) அளந்தவர் ஒருவரும், ஆட்சேபத்தை விசாரிப்பவர் வேறொருவருமாக இருத்தல். முடிவை எழுத்தில், காரணத்துடன் கொடுத்தல்.

(ஈ) சிறு திருத்தங்களை ஒழுங்காகச் செய்து, பேருயர்வைத் தவிர்த்தல்.

(உ) செலுத்தும் வழியை எளிதாக்குதல். இன்று கைபேசி வழியாகவே செலுத்தும் வசதி நகரத்திலும் கிராமத்திலும் வந்துள்ளது. எனினும் கைபேசி பழகாத முதியோருக்காக, கூலி நாளிலும் சந்தை நாளிலும் வசூல் முகாம் நடத்துதல் நலம்.

(ஊ) சென்ற ஆண்டு வசூலான வரி எத்தெருவில் என்ன வேலையாக மாறியது என்பதை ஆண்டுக்கு ஒரு முறையேனும் எழுதி ஒட்டுதல். துணி விற்ற கணக்கைப் பேரவைக்குக் காட்டாத சங்கத்தை அங்கத்தினர் நம்புவரோ?

8. நாம் செய்யவேண்டுவன

உரிமையைப் பேசியபின் கடமையைப் பேசாவிடில் பாடம் நிறைவுறாது. அறிவிப்பு வந்தவுடன் நான்கு விவரங்களைச் சரிபார்க்கவேண்டும். முதலாவது, பெயர், தந்தை பெயரிலோ, விற்றவர் பெயரிலோ உள்ள கணக்கை உடனே மாற்றிக்கொள்ளல் வேண்டும். இரண்டாவது, பரப்பு, நாமே அளந்து ஒப்பிடுதல் வேண்டும். மூன்றாவது, கட்டட வகையும் வயதும். நான்காவது, பயன், தறி வைத்துள்ள வீடு குடியிருப்பு என எழுதப்பட்டுள்ளதா, தொழிற்கூடம் என எழுதப்பட்டுள்ளதா என்று நெசவாளர் கட்டாயம் பார்த்தல் வேண்டும். 2022-ஆம் ஆண்டுச் சீராய்வில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதமும், தொழிற்கூடத்திற்கு 75 சதவீதமும் உயர்வு என்பதை மேலே கண்டோம். ஒரு சொல் மாறினால் உயர்வு மும்மடங்காகிறது.

பிழை கண்டால், அறிவிப்பில் குறித்த காலத்திற்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, ஒப்புகை பெறவேண்டும். வாய்ச்சொல் கணக்கில் ஏறாது. பிழை இல்லையெனில் காலத்தில் செலுத்தவேண்டும். நகர்ப்புறங்களில் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் அரையாண்டு தொடங்குகிறது. 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி, தொடக்கத்திலிருந்து 30 நாட்களுக்குள் செலுத்துவோருக்கு, 5,000 ரூபாய் வரம்புக்குட்பட்டு, 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு; தாமதிப்போருக்கு மாதம் 1 சதவீதம் வட்டி உண்டு.

மற்றொரு நிகழ்ச்சியையும் கூறவேண்டும். உழவர் சங்கம் ஒன்றின் கிடங்கைப் பார்வையிட்டபோது, பின்புறம் இரண்டு பத்தி புதிதாகக் கட்டப்பட்டிருந்ததையும், வரி மட்டும் பழைய பரப்புக்கே செலுத்தப்பட்டு வந்ததையும் கண்டோம். நிர்வாகக் குழுவில் இதைச் சொன்னபோது, “கேட்காதவர்களிடம் நாமே போய் ஏன் சொல்லவேண்டும்?” என்றார் இயக்குநர் ஒருவர். மற்றொருவர், “எடை மேடையில் வியாபாரி கட்டைவிரலை அழுத்தினால் நாம் சும்மா இருப்போமா? இதுவும் அதுதானே?” என்றார். நீண்ட விவாதத்திற்குப் பின், கூடுதல் பரப்பைத் தாமாகவே தெரிவிப்பதெனத் தீர்மானம் நிறைவேறியது. சங்கத்தின் வரி உயர்ந்தது. முதலில் மறுத்த இயக்குநர் இன்றும் அதை நஷ்டம் என்றே சொல்லி வருகிறார். ஆயினும் அக்கிடங்கு செலுத்தாதிருந்த பங்கை, அவ்வூரில் தறிக்குடிசையிலும் ஓட்டுவீட்டிலும் வாழும் சங்க அங்கத்தினர்களே சுமந்து வந்தனர் என்பதை ஐந்தாம் பகுதியின் கணக்கு காட்டும். கடைசி வீட்டு மூதாட்டிக்காக அளந்த டேப்பினாலேயே நம் கிடங்கையும் அளக்கவேண்டும்.

படிப்பு வட்டத்திற்கான வினாக்கள்

1. உங்கள் வீட்டின் நீள அகலத்தை அளந்து, பரப்பைக் காண்க. கேட்பு அறிவிப்பில் அல்லது வரிப் புத்தகத்தில் உள்ள பரப்போடு அது ஒத்துள்ளதா?

2. உங்கள் தெருவில் வாடகைக்கு விடப்பட்ட ஐந்து வீடுகளின் ஆண்டு வாடகையையும், அவற்றுக்குரிய வரியையும் உரியவர் சம்மதத்துடன் கேட்டு எழுதுக. வரியை வாடகையால் வகுத்து விகிதம் காண்க. சிறு வீட்டின் விகிதம் மிகுந்துள்ளதா, பெரிய வீட்டின் விகிதம் மிகுந்துள்ளதா?

3. உங்கள் சங்கக் கட்டடத்தில், கடைசியாக அளந்த பின் சேர்த்துக் கட்டப்பட்ட பகுதி உண்டா? அது மன்றத்திற்குத் தெரிவிக்கப்பட்டுள்ளதா?

4. ஆட்சேபம் எழுதத் தெரியாத அங்கத்தினருக்குச் சங்கம் எவ்வாறு உதவலாம்? அறிவிப்புகள் வரும் மாதத்தில், அளவு டேப்புடன் ஒருவரைச் சங்க அலுவலகத்தில் அமர்த்துவது இயலுமா என்று அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஆராய்க.